சுமைதாங்கி

நம் நாட்டுப்புறப் பாதைகளின் ஓரத்தில் சுமைதாங்கிக் கல்லை நேயர்களில் பலர் பார்த்திருப்பீர்கள். நிலத்தில் ஊன்றிய இரண்டு கற்கள், அவற்றின் தலைமேல் கிடத்திய ஒரு கல், அவ்வளவுதான். கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக அதனை அமைப்பது பழைய வழக்கம். தலைச்சுமையுடன் வருபவர், பிறர் கைகொடுக்காமலே அதன்மேல் சுமையை இறக்கிவைத்து இளைப்பாறுவார். எளிய அந்த அமைப்பை உற்றுநோக்கினால், நாம் குடியிருக்கும் வீட்டிற்கும் பன்மாடிக் கட்டடத்திற்கும் பொதுவான விதியொன்று அதில் அடங்கியிருக்கக் காணலாம்.

அவ்விதி யாது? சுமை எங்கும் மறைந்துவிடுவதில்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றிற்கு மாறி, இறுதியில் அது நிலத்தையே சென்றடைகிறது. மூட்டையின் பாரத்தைக் கிடைக்கல் ஏற்கிறது. நிற்கும் கற்களிடம் ஒப்படைக்கிறது. அவை மண்ணிடம் சேர்க்கின்றன. வீட்டிலும் அப்படியே. தளத்தின் பாரத்தை உத்திரமும், உத்திரத்தின் பாரத்தைச் சுவரோ தூணோ, அவற்றின் பாரத்தைக் கடைக்காலும் தாங்குகின்றன. இந்த வழியில் எந்த ஓரிடத்தில் அறுந்தாலும் அதற்கு மேலுள்ளது நில்லாது.

சுமை எவ்வளவு இருக்கும்? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 4 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் உள்ள அறை. அதன்மேல் 12 சென்டிமீட்டர் கனமுள்ள கான்கிரீட் தளம். கம்பி கட்டிய கான்கிரீட் ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 2500 கிலோ எடையுள்ளது. ஆகவே தளத்தின் எடை மட்டும் 3600 கிலோ. இஃது என்றும் நீங்காத சுமை. மக்களும் தட்டுமுட்டுப் பொருள்களும் வந்துபோகும் சுமை. குடியிருப்பு வீட்டிற்கு இதனைச் சதுர மீட்டருக்கு 200 கிலோ எனப் பொறியாளர் கொள்வர். அவ்வகையில் மேலும் 2400 கிலோ. ஆக, நாம் கவலையின்றி உறங்கும் சிறு அறையின் தளம் 6000 கிலோவைத் தாங்க ஆயத்தமாக இருத்தல் வேண்டும். காற்றும் நிலநடுக்கமும் பக்கவாட்டில் தள்ளுவது வேறு.

இனி, சுமை ஏறும்போது பொருளுக்குள் நிகழ்வது என்ன என்று பார்ப்போம். வீட்டுப் பிள்ளைகளிடம் மர அடிக்கோல் இருந்தால் இரண்டு புத்தகங்களுக்கு இடையே பாலம்போல் அதனைக் கிடத்தி நடுவில் விரலால் அழுத்துங்கள், வளையும். வளையும்போது அதன் மேற்பக்கம் நெருக்குண்டு சுருங்குகிறது. கீழ்ப்பக்கம் இழுபட்டு நீள்கிறது. இப்பொழுது அதனைக் குத்துவாட்டில் நிறுத்தி அழுத்துங்கள், எளிதில் வளையாது. 3 சென்டிமீட்டர் அகலமும் 3 மில்லிமீட்டர் கனமும் உள்ள கோலாயின், குத்துவாட்டில் அதன் வலிமை பத்து மடங்காகிறது. மரமும் அதுவே, எடையும் அதுவே. வைத்த முறைதான் வேறு. உத்திரத்தின் அகலத்தை இரட்டித்தால் வலிமை இரு மடங்காகும். உயரத்தை இரட்டித்தாலோ நான்கு மடங்காகும். தச்சர் உத்திரத்தைக் குத்துவாட்டில் வைப்பதன் காரணம் இதுவே.

கல் நெருக்கத்தை நன்றாகத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. ஆதலால் நீண்ட கல் உத்திரம் தன் பாரத்தாலேயே அடியில் விரிசல் காணக்கூடும். நம் சிற்பியர் இதனை அறிந்திருந்தனர். கோயில் மண்டபங்களில் தூண்கள் நெருங்கி நிற்பது அழகிற்காக மட்டுமன்று. மதுரை ஆயிரங்கால் மண்டபத்தில் 985 தூண்கள் உள்ளன. கல் தாண்டக்கூடிய தொலைவு சிறிதாதலின் தூண்கள் பலவாயின. கி.பி. 1010-இல் நிறைவெய்திய தஞ்சைப் பெரிய கோயிலின் விமானமோ, கருவறையைச் சூழ்ந்த இரட்டைச் சுவர்கள்மேல் எழுந்து, மேலே செல்லச் செல்ல ஒடுங்குகிறது. அங்கே கல்லுக்கு இடப்பட்ட வேலை பெரும்பாலும் நெருக்கத்தைத் தாங்குவதே.

கான்கிரீட்டும் கல்லைப் போன்றதே. அதன் இழுப்பு வலிமை நெருக்க வலிமையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். இரும்புக் கம்பியோ இழுப்பிற்கு அஞ்சாதது. இரண்டையும் இணைத்துப் பூந்தொட்டி செய்த மோனியே என்னும் பிரெஞ்சுத் தோட்டக்காரர் 1867-இல் அதற்கு உரிமம் பெற்றார். வெப்பத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் விரிவதால் அவற்றின் பிணைப்பு கெடுவதில்லை. எங்கு இழுப்பு உண்டோ அங்குக் கம்பி இருத்தல் வேண்டும். இருபுறமும் தாங்கப்பட்ட தளத்தின் நடுவே அஃது அடியில் இருக்கும். சுவரிலிருந்து நீண்டு நிற்கும் சன்ஷேடிலோ மேற்பக்கமே இழுபடுவதால், கம்பியும் மேலே இருத்தல் வேண்டும். கான்கிரீட் கொட்டுவோர் கால்பட்டு அக்கம்பி அடியில் அமிழ்ந்துவிட்டால், பார்வைக்கு ஒரு குறையும் தோன்றாது. ஆயினும் சன்ஷேடு ஒருநாள் விழும்.

கட்டடங்கள் பெரும்பாலும் இருவகைப்படும். தூண்களும் உத்திரங்களும் சட்டகமாக நின்று தாங்குவது ஒருவகை. அங்கே பெரும்பாலான சுவர்கள் வெறும் மறைப்பே. சுவரே தாங்குவது மற்றொருவகை. நம் பழைய வீடுகள் பலவும் இவ்வகையின. இந்த வேறுபாட்டை அறியாமல் நான் ஒருமுறை பெரும்பிழை செய்ய இருந்தேன். தலைமையாசிரியனாக இருந்தபொழுது, ஆண்டு விழாவிற்குக் கூடம் வேண்டுமென்று இரண்டு வகுப்பறைகளுக்கு நடுவிலிருந்த சுவரை இடிக்கச் சொன்னேன். முதிய கொத்தனார் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு என்னை உள்ளே அழைத்து அண்ணாந்து பார்க்கச் சொன்னார். “ஐயா, ரெண்டு பக்கத்து உத்திரமும் இந்தச் சுவர் மேலதான் உட்கார்ந்திருக்கு. இதை எடுத்தா அது எங்கே போய் உட்காரும்?” என்றார். எனக்கு விடை தெரியவில்லை. அன்று அவர் ஆசிரியர், நான் மாணவன். விழாவைப் பந்தலில் நடத்தினோம்.

அத்தகைய எச்சரிக்கை கேட்கப்படாத இடங்களும் உண்டு. வங்காள தேசத்தில் டாக்கா அருகே ராணா பிளாசா என்ற கட்டடம் கடைகளுக்கும் அலுவலகங்களுக்குமாக எழுந்தது. பின்னர் உரிய இசைவின்றி மேல்மாடிகள் ஏற்றப்பட்டன. தையல் ஆலைகளின் எந்திரங்களும் கனத்த மின்னாக்கிகளும் வந்தன. 2013 ஏப்ரல் 23 அன்று சுவர்களிலும் தூண்களிலும் வெடிப்புகள் தோன்றின. கீழ்த்தளக் கடைகளும் வங்கியும் மூடப்பட்டன. தையல் தொழிலாளரோ மறுநாள் வேலைக்கு வருமாறு பணிக்கப்பட்டனர். அன்று காலை கட்டடம் நொறுங்கி 1134 பேர் மாண்டனர். அடுத்த ஆண்டு, 2014 ஜூன் 28 அன்று, சென்னையை அடுத்த மவுலிவாக்கத்தில் கட்டிவந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்ததும் நம் நினைவில் உள்ளது.

ஆகவே நேயர்களுக்கு என் வேண்டுகோள் இது. சுவரை அகற்ற எண்ணும்போது அதன்மேல் எது அமர்ந்திருக்கிறது என்று கேளுங்கள். மாடி எழுப்ப எண்ணும்போது கடைக்கால் எத்தனை மாடிக்கென இடப்பட்டது என்று கேளுங்கள். புதிய வெடிப்புத் தோன்றி நாளுக்கு நாள் அகலுமாயின், பூச்சால் மறைக்காமல் பொறியாளரை அழைத்துக் காட்டுங்கள். கேட்பதில் நாணம் வேண்டா. நான் கேளாமல் இருந்திருந்தால், அந்த இரண்டு வகுப்பறைகளில் அமர்ந்து படித்த பிள்ளைகள் என்னவாகியிருப்பர் என்று இன்றும் எண்ணி நடுங்குகிறேன்.