உங்களுக்குத் தெரியுமா? மாத்தளைக் கட்டடங்களும் கட்டியவர்களும்

எல்கடுவ போன்ற மலைத் தோட்டங்களில் தொழிலாளர் குடும்பங்களுக்கான பழைய லயன் காம்பரா ஒன்றின் அளவு ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி. முன்னால் ஒரு சிறிய இஸ்தோப்பு. இரட்டை லயமாக இருந்தால் காம்பராவின் பின்சுவர் மறுபக்கத்துக் குடும்பத்துக்கும் சுவர். அங்கே ஜன்னல் வைக்க முடியாது, காற்று ஊடறுத்துப் போகவும் வழியில்லை. அடுப்புப் புகை வீட்டுக்குள்ளேயே தங்குவதற்கு இந்த அமைப்பும் ஒரு காரணம்.

மாத்தளையிலிருந்து தம்புள்ளை போகும் வழியில் உள்ள நாலந்த கெடிகே, பல்லவர் பாணியின் சாயல் கொண்ட கற்கட்டடம். நீர்த்தேக்கத்தில் மூழ்கவிருந்த அதைக் கல் கல்லாகக் கழற்றி, உயரமான இடத்தில் மீண்டும் அடுக்கினார்கள்.

வீடு ஒன்றையும் அப்படி இடம் மாற்றியிருக்கிறார்கள். அலுவிகாரையைச் சேர்ந்த பத்திக் கலைஞர் ஏனா டி சில்வாவுக்காகக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1960களின் தொடக்கத்தில் கொழும்பில் கட்டிய முற்றத்து வீடு அது. நகரக் காணி விற்கப்பட்டபோது வீட்டைப் பிரித்து, பாவாவின் லுணுகங்கை தோட்டத்தில் மறுபடி கட்டினார்கள். சின்ன நகரக் காணியிலும் நடுவில் முற்றம் விட்டால் வெளிச்சமும் காற்றும் வரும் என்று காட்டிய வீடு. காப்பாற்ற வேண்டியதுதான்.

அதே பாவா 1994இல் முடித்த கந்தளம ஹோட்டலும் மாத்தளை மாவட்டத்தில்தான் இருக்கிறது. சிகிரியாவுக்குப் பக்கத்திலேயே கட்டலாம் என்ற யோசனையை விட்டு, குளத்துக்கு அப்பால் சிகிரியா தூரத்தில் தெரியும் பாறைச் சரிவைத் தேர்ந்தெடுத்தார். கூரையில் செடி, சுவரில் கொடி. பாறையும் கட்டடத்துக்குள் வருகிறது.

எல்கடுவயிலிருந்து வத்தேகம வழியாகக் கண்டிக்கு இறங்குகிறவர்கள் கட்டாயம் அறிய வேண்டிய பெயர் மினெட் டி சில்வா. 1918இல் பிறந்தவர், பம்பாயிலும் லண்டனிலும் படித்து, 1948இல் பிரித்தானியக் கட்டடக் கலைஞர் சங்கத்தில் இணைந்த முதல் ஆசியப் பெண் ஆனார். கண்டியில் அவர் கட்டிய கருணாரத்ன வீட்டில் கான்கிரீட்டோடு தும்பறைப் பாய் நெசவும் இடம்பிடித்தது. பாவாவுக்கு முன்பே நவீனத்தையும் நாட்டுக் கைவினையையும் ஒரே வீட்டில் சேர்த்தவர் அவர். பாவாவுக்குக் கிடைத்த பேரில் பாதிகூட அவருக்குக் கிடைக்காதது எனக்கு இன்றும் மனவருத்தம்.

மினெட்டின் ஆகப் பெரிய காரியம் 1950களில் கண்டிக்கு அருகே அமைத்த வட்டப்புளுவ வீடமைப்புத் திட்டம். அரசு ஊழியர்களுக்கான இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள். வரைபடம் போடுவதற்கு முன்பே குடியேறப் போகிறவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்தார்: எப்படிச் சமைக்கிறீர்கள், எங்கே சாமி கும்பிடுகிறீர்கள், வீட்டில் எத்தனை பேர், எவ்வளவு செலவழிக்க முடியும். பதில்களை வைத்துப் பல மாதிரி வீடுகள் வரைந்தார். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லாரும் அங்கே அயலவராகக் குடியேறினார்கள்.

மலையகத்தில் இந்திய உதவியோடு எழும் தனி வீடுகள் ஏறத்தாழ 550 சதுர அடி. லயத்திலிருந்து வருகிறவர்களுக்குச் சொந்தக் கூரையும், நாலு பக்கமும் ஜன்னல் வைக்கத் தோதான சுவரும் எவ்வளவு பெரிய மாற்றம்! இனி வரும் வீட்டுத் தொகுதிக்கு வரைபடம் போடும்போது மினெட்டின் கேள்வித்தாளைத் தமிழில் அச்சடித்து, கொழுந்து பறிக்கும் பெண்களிடம் முதலில் கொடுக்கட்டும். விறகு எங்கே அடுக்குவது, மழையில் நனைந்த படங்கை எங்கே காயப்போடுவது, மாட்டுப்பட்டி எந்தப் பக்கம் என்று அவர்கள் சொல்வார்கள்.