சாவி கைக்கு வரும் முன்...

“நீங்கள் இந்தியரா?”

வாட்ஸ்அப்பில் வந்த கேள்வி அது. அதற்கு முன் பத்து நிமிடம் அந்த வீட்டு முகவர் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். கம்பாரில் மூன்று அறைகள் கொண்ட தரை வீடு, மாதம் 1,000 ரிங்கிட், பல்கலைக்கழகத்துக்கு நடந்தே போகலாம், சனிக்கிழமை வந்து பாருங்கள் என்றெல்லாம் சொன்னார். பிறகு பெயரைக் கேட்டார். சொன்னேன். அடுத்து இந்தக் கேள்வி வந்தது. “ஆமாம்” என்று பதில் அனுப்பினேன். இரண்டு நீலக் குறிகள் விழுந்தன. அதன் பிறகு அவரிடமிருந்து எந்தப் பதிலும் இல்லை.

நான் சிலிம் ரிவரில் பிறந்து வளர்ந்தவள். சுங்காய், பீடோர், தாப்பா தாண்டிப் போனால் வரும் கம்பாரில்தான் படிக்கிறேன். 2007இல் அங்கே துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழக வளாகம் திறக்கப்பட்ட பிறகு, ஒரு காலத்தில் ஈய லம்பங்களுக்குப் பெயர் போன அந்த ஊர் மாணவர் ஊராக மாறிவிட்டது. எங்களில் பெரும்பாலோர் சுற்றியுள்ள தாமான்களில் வாடகைக்குத்தான் இருக்கிறோம். முதலாண்டில் ஒரு சின்ன அறையில் இருந்த நான், இரண்டாமாண்டில் மூன்று தோழிகளோடு சேர்ந்து முழு வீடு எடுக்க முடிவு செய்தேன். மூன்று வாரத்தில் மூன்று முகவர்கள். ஒருவர் இனம் கேட்டார். ஒருவர் பணத்தோடு காணாமல் போனார். மூன்றாமவர்தான் வீடு பிடித்துக் கொடுத்தார்.

எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். முடித்து வெளியூர் போகக் காத்திருக்கும் தம்பி தங்கைகளே, இந்த மூன்று வாரத்தில் நான் கற்றுக்கொண்டதை எந்தப் பள்ளியும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

தாள் இல்லாத வீடு

வாடகை ஒப்பந்தத்தை வீட்டுக்குக் கொண்டு வந்து காட்டியபோது பாட்டி அதைத் தடவிப் பார்த்தார். “ஒங்க தாத்தாவும் நானும் முப்பது வருசம் லயத்துல இருந்தோம். அதுக்கு ஒரு துண்டுத் தாளு கெடையாது” என்றார்.

உண்மைதான். தோட்டத்தில் வீடு என்பது வேலையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. விடியுமுன் பெரட்டுக்கு நின்றால் வீடு உண்டு. வேலை நின்றால் வீடும் போயிற்று. பால்மரம் போய்ச் செம்பனை வந்தபோதும், தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோதும் எத்தனையோ குடும்பங்கள் சட்டி பானையோடு வெளியேறின. வாடகை பேசுவது, முன்பணம் கட்டுவது, ஒப்பந்தம் படிப்பது எல்லாம் எங்கள் குடும்பத்துக்குப் பழக்கமில்லாதவை. அப்பா இன்றும் எந்தத் தாளாக இருந்தாலும் “எங்கம்மா கையெழுத்துப் போடணும்?” என்றுதான் கேட்பார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க மாட்டார்.

நம்மில் பலர் இப்படிப்பட்ட வீடுகளிலிருந்துதான் பல்கலைக்கழகம் போகிறோம். கேட்கத் தெரியாததால் ஏமாறுகிறோம். கேட்டால் மரியாதைக் குறைவாக நினைப்பார்களோ என்று தயங்கியும் ஏமாறுகிறோம்.

இருநூறு வெள்ளிப் பாடம்

இரண்டாவது முகவரை ஒரு சீனியர் வழியாகப் பிடித்தோம். “நாளைக்கு வேற ஆளு பாக்க வர்றாங்க, இப்பவே 200 வெள்ளி போட்டா உங்களுக்குப் பிடிச்சு வைக்கிறேன்” என்றார். படங்கள் அழகாக இருந்தன. வீட்டை நேரில் பார்க்கவில்லை. அவருடைய சொந்த வங்கிக் கணக்குக்கே பணத்தை அனுப்பினோம். மறுநாள் அவர் கைப்பேசி எண் வேலை செய்யவில்லை.

அதன் பிறகுதான் சட்டத்தைத் தேடிப் படித்தேன். நம் நாட்டில் கட்டணம் வாங்கிக்கொண்டு வீடு பிடித்துக் கொடுக்கும் தொழிலை யார் வேண்டுமானாலும் செய்துவிட முடியாது. 1981ஆம் ஆண்டின் 242ஆவது சட்டம் அதைக் கட்டுப்படுத்துகிறது. பதிவு பெற்ற சொத்து முகவரோ, அவருடைய நிறுவனத்தின் கீழ் ‘ரென்’ எண் பெற்ற பேரப் பேச்சாளரோதான் அதைச் செய்யலாம். பதிவில்லாமல் செய்தால் 300,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

முதலில் கேட்க வேண்டியது அந்த எண்ணைத்தான். கேட்பதில் தப்பே இல்லை. எண்ணை வாங்கி, முகவர்களைப் பதிவு செய்யும் வாரியத்தின் இணையத்தளத்தில் தேடினால் பெயரும் நிறுவனமும் வந்துவிடும். எங்களுடைய மூன்றாவது முகவர் நாங்கள் கேட்பதற்கு முன்பே அட்டையைக் காட்டினார்.

அடுத்தது பணம். நிறுவனத்தின் கணக்குக்குத்தான் போக வேண்டும், தனி ஆளின் கணக்குக்கு அல்ல. கணக்கு எண்ணையும் கைப்பேசி எண்ணையும் காவல்துறையின் ‘செமாக் மியூல்’ தளத்தில் தட்டிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். ஏமாந்துவிட்டது தெரிந்தால் அழுதுகொண்டு உட்காராமல் உடனே 997 என்ற எண்ணை அழையுங்கள். அது தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் எண். பிறகு காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். நாங்கள் நான்கு நாள் கழித்துத்தான் போனோம். பணம் திரும்பவில்லை.

இன்னொன்று. முகவரை அமர்த்தியவர்தான் அவருக்குக் கட்டணம் கொடுக்க வேண்டும். வழக்கமாக அது வீட்டுக்காரர். மூன்றாண்டுக்கு உட்பட்ட வாடகைக்கு அந்தக் கட்டணம் அதிகபட்சம் ஒன்றேகால் மாத வாடகை. “மாணவர்கள் தனியாகக் கமிஷன் தரணும்” என்று யாராவது சொன்னால், எதற்கு என்று கேளுங்கள்.

தாள்தான் சட்டம்

வாடகை வீடுகளுக்கென்று தனிச் சட்டம் நம் நாட்டில் இன்னும் இல்லை. குடியிருப்பு வாடகைச் சட்டம் வரப் போகிறது என்று வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சு பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது. அது வரும் வரை, வாடகைக்காரருக்கும் வீட்டுக்காரருக்கும் இடையில் நிற்பது பெரும்பாலும் அந்த ஒப்பந்தம்தான். அதில் எழுதாததைப் பிறகு “முகவர் வாயால் சொன்னார்” என்று நிரூபிப்பது கடினம்.

எங்கள் கணக்கைச் சொல்கிறேன். வாடகை 1,000 ரிங்கிட். பிணைப்பணம் இரண்டு மாத வாடகை, 2,000. மின்சாரம், தண்ணீருக்கு அரை மாத வாடகை, 500. முதல் மாத வாடகை 1,000. ஆக சாவி வாங்கும் நாளில் 3,500 ரிங்கிட். நால்வருக்கும் ஆளுக்கு 875. இந்த ‘இரண்டும் அரையும் ஒன்றும்’ சட்டம் போட்ட கணக்கு அல்ல, வழக்கத்தில் வந்தது. அதனால் பேசிப் பார்க்கலாம்.

கையெழுத்துப் போட்ட 30 நாளுக்குள் ஒப்பந்தத்துக்கு உள்நாட்டு வருமான வரி வாரியத்தில் முத்திரை வரி கட்ட வேண்டும். ஓராண்டுக்கு மேற்படாத ஒப்பந்தமானால், ஆண்டு வாடகையில் ஒவ்வொரு 250 ரிங்கிட்டுக்கும் 1 ரிங்கிட். முன்பு முதல் 2,400 ரிங்கிட்டுக்கு விலக்கு இருந்தது. 2025 ஜனவரி 1 முதல் அது இல்லை. எங்கள் ஆண்டு வாடகை 12,000, எனவே வரி 48 ரிங்கிட். ஆளுக்கு 12 வெள்ளி, இரண்டு வேளைச் சாப்பாட்டுக் காசு. முத்திரையில்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. எத்தனை மாணவர்கள் இந்த 12 வெள்ளியை மிச்சப்படுத்தப் போய் 875 வெள்ளிக்கான பிடிமானத்தை இழக்கிறார்கள்!

ஒப்பந்தத்தில் நாங்கள் திருத்தச் சொன்னவை மூன்று. முதலாவது, நால்வரும் ‘கூட்டாகவும் தனித்தனியாகவும்’ பொறுப்பு என்ற வரி. ஒருத்தி பாதியில் போனால் மற்ற மூவரும் அவள் பங்கையும் கட்ட வேண்டும் என்பது அதன் பொருள். அதை நீக்க வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. ஆனால், போகிறவளுக்குப் பதிலாக வேறு மாணவியைச் சேர்க்கலாம் என்று எழுதச் சம்மதித்தார். இரண்டாவது, தொழிற்பயிற்சிக்கு வெளியூர் போக நேர்ந்தால் இரண்டு மாத அறிவிப்போடு விலகலாம் என்பது. மூன்றாவது, பிணைப்பணத்தை எத்தனை நாளில் திருப்பித் தருவார் என்பது. 30 நாள் என்று எழுதினோம்.

பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் ஒப்பந்தம் செய்யும் தகுதி பெற்றவர்கள் அல்லர். அடித்தளக் கல்விக்கு வருபவர்கள் பெற்றோர் பெயரில் செய்வதுதான் சரி.

சாவி வாங்கிய அன்றே சுவரில் உள்ள விரிசல், குளியலறைக் குழாய், மின்மீட்டர் எண் எல்லாவற்றையும் காணொளியாக எடுத்து முகவருக்கே அனுப்பி வைத்தோம். வீட்டை விடும் நாளில் “இது நீங்கள் உடைத்தது” என்று யாரும் சொல்ல முடியாது. பிணைப்பணத்தைத் தர மறுத்தாலும் வழி இருக்கிறது. 5,000 ரிங்கிட் வரையிலான தொகைக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலேயே சிறு கோரிக்கை வழக்குப் போடலாம். வாடகை ஒப்பந்தம் முடிந்து தகராறு வந்தாலும், வீட்டுக்காரர் தாமாகப் பூட்டை மாற்றி நம்மை வெளியேற்ற முடியாது. நீதிமன்றம் வழியாகத்தான் போக வேண்டும்.

அந்த ஒரு கேள்வி

இவ்வளவு சட்டம் படித்தும், “இந்தியரா?” என்ற அந்தக் கேள்விக்கு மட்டும் என்னிடம் சட்டம் இல்லை.

அரசியலமைப்பின் 8ஆவது பிரிவு சமத்துவம் பேசுகிறது. ஆனால், அது அரசையும் பொது அதிகார அமைப்புகளையும்தான் கட்டுப்படுத்தும், தனியார் ஒப்பந்தங்களை அல்ல என்று 2005இல் ஒரு விமானப் பணிப்பெண்ணின் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது. அமெரிக்காவில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், 1968 ஏப்ரலில், வீடு வாடகைக்கு விடுவதில் இனம் பார்ப்பதைத் தடை செய்தார்கள். பிரிட்டனில் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் தடுக்கிறது. நமக்கு வரப்போகும் வாடகைச் சட்டத்தில் இப்படி ஒரு பிரிவு இருக்குமா என்பதுதான் நம் தலைமுறை கேட்க வேண்டிய கேள்வி.

எங்களுக்குக் கடைசியில் வீடு கொடுத்தவர் ஓய்வு பெற்ற ஒரு சீன ஆன்ட்டி. அவரும் கேள்வி கேட்டார். எத்தனை பேர், கல்விக் கடன் உண்டா, வாடகை யார் கட்டுவது, இரவில் சத்தம் போடுவீர்களா என்று கேட்டார். எல்லாமே நியாயமான கேள்விகள்.

அத்தை வீடு

இந்தக் கதையை இங்கேயே முடித்திருந்தால் எனக்குச் சௌகரியம். ஆனால், விடுமுறைக்கு ஊர் வந்தபோது நடந்ததையும் சொல்ல வேண்டும்.

மகனோடு கிள்ளானுக்குப் போய்விட்ட என் அத்தைக்குச் சிலிம் ரிவரில் ஒரு தரை வீடு இருக்கிறது. போன வாடகைக்காரர் நம்மவர்தான். ஒப்பந்தம் இல்லை. ஐந்து மாத மின்கட்டணத்தை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார். மின்கணக்கு அத்தை பெயரில் இருந்ததால் அத்தைதான் கட்டினார். இப்போது பக்கத்துத் தொழிற்சாலையில் வேலை செய்யும் நேப்பாளத்துக்காரர் இருவர் வீடு கேட்கிறார்கள் என்று முகவர் சொன்னார்.

“வெளிநாட்டுக்காரவங்க வேணாம்மா. எப்படி இருப்பாங்கன்னு தெரியாது” என்றார் அத்தை.

எனக்கு அந்த நீலக் குறிகள் ஞாபகம் வந்தன. நான் ஒன்றும் சொல்லவில்லை. பாட்டிதான் பேசினார்: “எங்கப்பனும் கப்பலேறி வந்தவன்தான். அவன் எப்படி இருப்பான்னு இங்க யாருக்குத் தெரிஞ்சுது?”

அத்தை பதில் பேசவில்லை. அன்று மாலை நானும் அவரும் உட்கார்ந்து ஒரு பட்டியல் போட்டோம். வேலை அனுமதி, முதலாளியின் கடிதம், இரண்டு மாதப் பிணைப்பணம், முத்திரை வரி கட்டிய ஒப்பந்தம், மின்கணக்கு வாடகைக்காரர் பெயருக்கு மாற்றம். இவை எல்லாம் இருந்தால் வீட்டுக்காரரின் பயத்துக்கு மருந்து உண்டு. போன முறை இவற்றில் ஒன்றுகூடக் கேட்கவில்லை, ஏனென்றால் “நம்ம ஆளுதானே”. அத்தையை ஏமாற்றியது இனம் அல்ல, எழுதப்படாத வாய்ப்பேச்சு. அத்தை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். ஆனால், “வேணாம்” என்று சொன்னதைத் திரும்பப் பெற்று, பட்டியலை முகவருக்கு அனுப்பிவிட்டார்.

இன்னும் சில மாதங்களில் உங்களில் பலர் பையைத் தூக்கிக்கொண்டு வெளியூர் போவீர்கள். எண்ணைக் கேளுங்கள், வீட்டை நேரில் பாருங்கள், தாளைக் கடைசி வரி வரை படியுங்கள். படிக்காத பெற்றோர் “எங்கே கையெழுத்து?” என்று கேட்டால், இடத்தைக் காட்டும் முன் என்ன எழுதியிருக்கிறது என்று அவர்களுக்கும் படித்துச் சொல்லுங்கள். என்றாவது ஒரு நாள் நீங்கள் வீட்டுக்காரராகி வாடகைக்கு விடும்போது, யாரிடமும் அந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்காதீர்கள்.