வட்டத்துக்குள் ஓர் ஆங்கிலக் கிராமம்

தோட்டங்களுக்கு நடுவே உருவான வைட்ஃபீல்ட், இன்று கணிப்பொறி நகரம். பழைய ஊரில் மிஞ்சியிருப்பது ஒரு வட்டச் சாலையும் சில வீடுகளும்தான்.

சென்னையிலிருந்து பெங்களூருக்கு ரயிலில் போகிறவர்களுக்கு, பங்காருப்பேட்டை, மாலூர் தாண்டி வரும் வைட்ஃபீல்ட் வெறும் ஸ்டேஷன் பெயர். கணிப்பொறித் துறையில் பிள்ளைகள் வேலை பார்க்கும் வீடுகளில் அது சம்பளத்தையும் போக்குவரத்து நெரிசலையும் குறிக்கும் சொல். ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பவர் ஒரு மனிதர்: டேவிட் இமானுவேல் ஸ்டார்கன்பர்க் ஒயிட். சென்னையில் ஆங்கிலோ இந்தியர்களுக்காகச் சங்கம் தொடங்கியவர்.

அவருடைய கவலை பிழைப்பு பற்றியது. ஐரோப்பியத் தந்தைக்கும் இந்தியத் தாய்க்கும் பிறந்தவர்களைக் கிழக்கிந்திய கம்பெனி 1791லேயே உயர் பதவிகளிலிருந்து விலக்கிவிட்டது. பின்னாளில் ரயில்வேயும் தந்தி இலாகாவும் இடம் கொடுத்தன. ஆனாலும் அது அடுத்தவர் தயவில் ஓடிய வாழ்க்கை. சொந்த நிலத்தில் பயிர் செய்தால் யார் கையையும் எதிர்பார்க்க வேண்டாம் என்று ஒயிட் நினைத்தார். பிரிட்டிஷார் மைசூரை உடையார் வம்சத்திடம் திருப்பித் தந்தது 1881ல். மறு ஆண்டே மகாராஜா சாமராஜேந்திர உடையார், பெங்களூருக்குக் கிழக்கே சுமார் 3,900 ஏக்கரை ஆங்கிலோ இந்தியச் சங்கத்துக்கு வழங்கினார். குடியேற்றத்துக்கு ஒயிட்டின் பெயரே நிலைத்தது.

வந்தவர்கள் மனதில் இருந்தது, பெரும்பாலோர் கண்ணால் கண்டிராத இங்கிலாந்து. அங்குள்ள பழைய கிராமங்களுக்கு நடுவே ஒரு புல்வெளி இருக்கும். அதை ஒட்டி தேவாலயம், விடுதி, தோட்டம் சூழ்ந்த வீடுகள். அந்தக் கிராமத்தை வைட்ஃபீல்டில் வட்டமாக வரைந்தார்கள். நடுவே பொதுவெளி, சுற்றிலும் சாலை, சாலையைப் பார்த்தபடி ஓடு வேய்ந்த வீடுகள், அவற்றைச் சுற்றி மரமும் செடியுமாகத் தோட்டங்கள். இன்னர் சர்க்கிள் என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. மெமோரியல் சர்ச் 1886ல் எழுந்தது. ஹாமில்டன் என்பவர் வேவர்லி இன் என்ற விடுதியை நடத்தினார்.

1896ல் குதிரைப் படை அதிகாரியாகப் பெங்களூர் வந்த வின்ஸ்டன் சர்ச்சில், வேவர்லி இன்னுக்கு வருவார் என்றும் ஹாமில்டனின் மகள் மீது அவருக்குக் காதல் என்றும் ஊரில் கதை உண்டு. ஆதாரம் யாரும் காட்டியதில்லை. பெங்களூரில் அவர் ரோஜா வளர்த்ததும், பட்டாம்பூச்சி சேகரித்ததும், கிளப்புக்கு 13 ரூபாய் பாக்கி வைத்ததும் உண்மை.

கனவு எல்லோருக்கும் பலிக்கவில்லை. அலுவலக நாற்காலிக்குப் பழகியவர்களுக்கு ஏர் பிடிப்பது எளிதல்ல. 1933ல் இன்றைய ஜார்க்கண்டில் உருவான மெக்லஸ்கிகஞ்ச் கதையும் இதுதான். சுதந்திரத்துக்குப் பிறகு ஆங்கிலோ இந்தியர் பலர் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேறினார்கள். ஆனாலும் 1990கள் வரை வைட்ஃபீல்ட் அமைதியான சிற்றூராகவே இருந்தது. அந்தப் பத்தாண்டில் சிங்கப்பூர் நிறுவனங்கள், டாடா, கர்நாடக அரசு மூவரும் சேர்ந்து இங்கே தொழில்நுட்பப் பூங்காவைக் கட்டினார்கள். பூங்கா என்பது பெயரில் மட்டும். அதன் பிறகு நிலத்தின் விலை ஏறிய வேகத்தில் மா மரமும் பலா மரமும் தாக்குப்பிடிக்கவில்லை. 2023ல் மெட்ரோ ரயிலும் வந்து சேர்ந்தது.

பழைய வீட்டை விற்றவர்களைக் குறை சொல்வது சுலபம். வீடு சிறிது, தோட்டம் பெரிது. ஓட்டை மாற்றவும் வேலியைப் பார்க்கவும் செலவு அதிகம். வெளிநாட்டில் இருக்கும் வாரிசுகளுக்கு அது பங்கு பிரிக்க வேண்டிய சொத்து. கட்டட நிறுவனத்துக்கோ அடுக்குமாடி எழுப்ப ஏற்ற மனை. இங்கிலாந்துக்காரர்களும் காசுக்கு மயங்காதவர்கள் அல்ல. அங்கே பழைய மாளிகைகளையும் தோட்டங்களையும் காக்க 1895லேயே நேஷனல் டிரஸ்ட் தொடங்கப்பட்டது. 1967ல் வந்த சட்டம் ஒற்றைக் கட்டடத்தை மட்டுமல்லாமல், தெரு, மரம், திறந்தவெளி எல்லாம் சேர்ந்த பகுதியையே பாதுகாக்க வழி செய்தது. அந்தக் கிராமங்களையும் தோட்டங்களையும் பார்க்க இன்று நம்மவர்களும் விமானச் செலவு செய்து போகிறார்கள்.

இன்னர் சர்க்கிளுக்குத் தேவை அத்தகைய பார்வைதான். இங்கே தாஜ்மகால் இல்லை. தனித்தனியாகப் பார்த்தால் எந்த வீடும் அதிசயமல்ல. நடுவே வெட்டவெளி, சுற்றிலும் தாழ்ந்த கூரை, இடையில் மரம் என்ற அந்த அமைப்புதான் சொத்து. ஒரு வீடு இடிந்தால் வரிசையில் ஒரு பல் விழுந்த மாதிரி. பாதி விழுந்த பிறகு வாயை அடையாளம் காண முடியாது. மிச்சமிருக்கும் வீடுகளின் உரிமையாளர்களுக்கு வரிச் சலுகையும் பராமரிப்பு உதவியும் தந்து, கட்டட உயரத்துக்கு வரம்பு போட்டால் வட்டம் பிழைக்கும். இல்லாவிட்டால் ஒயிட்டின் கிராமம் வரைபடத்தில் ஒரு வளைவாக மட்டும் தெரியும்.