கையொப்பத்திற்கு முன்

விடுமுறைக்குப் பேராவூரணிக்குத் திரும்பும் பல்கலைக்கழக மாணவர்க்குத் தொழில் அறத்தைப் போதிக்க விலையுயர்ந்த கருவிகள் வேண்டுவதில்லை. தாளில் வரைந்த சில படங்களும், அவற்றையும் விளக்கவுரையையும் பதிவுசெய்யக் கைப்பேசியும், சபைக் கூடத்துத் தொலைக்காட்சிப் பெட்டியும் போதும். தக்க நிகழ்ச்சியும் இதே தஞ்சை மாவட்டத்திலேயே உண்டு.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிச் சமையற்கூடத்தில் எழுந்த தீ, மாடியின் கீற்றுக் கூரையைப் பற்றி 94 குழந்தைகளின் உயிரைக் கவர்ந்தது. இறங்கக் குறுகிய படிக்கட்டே இருந்தது.

இதைப் போதிப்போர் இரண்டு காரியங்களைக் கவனிக்கவேண்டும். முதலாவது, இறந்த குழந்தைகளின் படங்களைக் காட்டலாகாது. கண்ணீர் வடித்தவன் தன் கடமை முடிந்ததென எண்ணிவிடுவான். கட்டடத்தின் எளிய வரைபடமே போதும்: இங்கே அடுப்பு, மேலே கீற்று, அங்கே படி. இரண்டாவது, தீ மூளுமுன்னே படத்தை நிறுத்தவேண்டும். வேண்டிய இடத்தில் நிறுத்த இயல்வதே இவ்வெளிய சாதனத்தின் சிறப்பு. அப்பொழுது, "இக்கட்டடத்திற்கு நீர் சான்றளிப்பீரா? மறுத்தால் வேலை போகுமெனில் என்ன செய்வீர்?" என்று கேட்கவேண்டும். ஒவ்வொருவரும் விடையெழுதிக் கையொப்பமிட்ட பின்னரே மீதியைக் காட்டலாம்.

புதுவீட்டின் மாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டாதவன்மேல் உபாகமம் 22:8 இரத்தப்பழியைச் சுமத்துகிறது. ஒருவன் விழுந்தபின் அழுவதையன்று, விழுமுன் சுவர் எழுப்புவதையே அது கேட்கிறது. நமது போதனையும் அவ்விடத்திலேயே தொடங்கவேண்டும்.