ஓடுவதற்கு ஃபிளீஸ் உடுப்பா? தீவுவாசிகள் தெரிந்துகொள்ள வேண்டியவை

அந்தமானில் சீக்கிரம் விடியும். கோடையில் காலை 5 மணிக்கே வெளிச்சம் வந்துவிடுகிறது. 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரில், மெரினா பூங்காவை ஒட்டிய கடலோரச் சாலையிலும் நேதாஜி விளையாட்டரங்கப் பக்கமும் அந்நேரமே ஆட்கள் ஓடத் தொடங்கிவிடுகிறார்கள். போலீஸ் வேலைக்கும் அக்னிவீர் ஆள்சேர்ப்புக்கும் தயாராகும் பிள்ளைகள், சர்க்கரை நோய்க்காக வேகநடை போடும் பெரியவர்கள் எனப் பலரும் இருப்பார்கள். சில இளைஞர்கள் தடித்த ஃபிளீஸ் ஹூடியைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டு ஓடுகிறார்கள். கேட்டால், "நல்லா வேர்க்கும், வெயிட் சீக்கிரம் இறங்கும்" என்கிறார்கள்.

அப்படி இறங்குவது கொழுப்பு அல்ல, உடம்பின் தண்ணீர். இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தால் போன எடை திரும்பிவிடும். உடல் சூட்டைத் தணிப்பது வியர்வை வழிவதல்ல, அது ஆவியாவது. ஆண்டில் பெரும்பகுதி காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்தை ஒட்டியே நிற்கும் ஒரு தீவில், வெறும் உடம்பிலேயே வியர்வை சரியாகக் காயாது. அதன் மேல் பஞ்சுபோல் காற்றைச் சிறைபிடிக்கும் துணியைப் போர்த்தினால், உள்ளே சூடு ஏறிக்கொண்டே போகும்.

இதன் விளைவு எதுவரை போகும் என்பதற்கு ஒரு பதிவு இருக்கிறது. 1997 நவம்பர், டிசம்பரில் 33 நாட்களுக்குள் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் இறந்தார்கள். மூவரும் 19 முதல் 22 வயதுக்குள் இருந்தவர்கள். எடைப் பிரிவுக்குள் வருவதற்காக, ஆவி வெளியேறாத உடுப்பைப் போட்டுக்கொண்டு, தண்ணீரைக் குறைத்து, கடும் பயிற்சி செய்தார்கள். அதன்பின் அந்நாட்டுக் கல்லூரி விளையாட்டு அமைப்பு அத்தகைய உடுப்புகளைத் தடை செய்தது. ஃபிளீஸ் அந்த அளவு மூடிய துணி இல்லை, காற்று கொஞ்சம் புகும். ஆனால் எடை குறைய வேண்டுமென்று அதைப் போட்டு ஓடுகிறவர் போவதும் அதே பாதையில்தான். ஓடும்போது தலைசுற்றல், குமட்டல், பேச்சுக் குழறல், தடுமாற்றம் தெரிந்தால் உடனே நிறுத்தி, நிழலுக்குக் கொண்டுபோய், ஹூடியைக் கழற்றி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். நினைவு தப்பினாலோ உளறினாலோ குளிரவைத்தபடியே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

தோலுக்கும் கேடு உண்டு. ஈரமான ஃபிளீஸ் அக்குளிலும் தொடையிடுக்கிலும் மணிக்கணக்கில் உரசினால் முதலில் வேர்க்குரு வரும், பிறகு படர்தாமரை. இந்தியாவில் இப்போது பரவும் படர்தாமரை முன்போல் லேசில் போவதில்லை. மருந்துக்கு எளிதில் அடங்காத அந்தப் பூஞ்சைக்கு 2020-ல் டிரைகோஃபைட்டான் இண்டோடினியே என்று நம் நாட்டின் பெயரையே வைத்தார்கள். அரிப்பு தாங்காமல் மருந்துக் கடையில் ஏதோ ஒரு களிம்பை வாங்கிப் பூசுவதுதான் இதில் பெரிய தவறு. பல களிம்புகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். நாலு நாள் அடங்கியதுபோல் காட்டி, பிறகு மும்மடங்காய்ப் பரவும். மருத்துவர் சீட்டு இல்லாமல் இத்தகைய ஸ்டீராய்டு களிம்புகளை விற்கக் கூடாது என்று 2018-ல் மத்திய அரசு விதியை இறுக்கியது. சீட்டு கேட்காமல் எடுத்து நீட்டினால் வாங்காதீர்கள். அரசு மருத்துவமனைக்குப் போய்க் காட்டுங்கள்.

ஃபிளீஸே கூடாது என்று நான் சொல்லவில்லை. டிசம்பரில் டெல்லிக்கோ சண்டிகருக்கோ படிக்கப் போகிற பிள்ளைக்கு அது தேவை. சென்னைக்குப் போகும் கப்பலில் மூன்று நாள் ஏசி அறையில் கிடப்பவருக்கும் உதவும். எதற்கு வாங்குகிறோம், எந்த ஃபிளீஸை வாங்குகிறோம் என்பதுதான் கேள்வி.

கடைகளில் ஒரே பெயரில் இரண்டு வேறு துணிகள் விற்கின்றன. ஒன்று முழுக்க பாலியஸ்டர். 1979-ல் அமெரிக்காவின் மால்டன் மில்ஸ் ஆலை உருவாக்கிய போலார் ஃபிளீஸின் வழிவந்தது. குளிர்நாட்டு மலையேறிகளுக்கு ஏற்ற துணி அது. இன்னொன்று திருப்பூரில் த்ரீ த்ரெட் ஃபிளீஸ் என்று சொல்லப்படுவது. பருத்தியோ பருத்தி பாலியஸ்டர் கலவையோ கொண்டு பின்னி, உட்புறத்தைப் பிரஷ் அடித்துப் பஞ்சு எழுப்பியது. பெரும்பாலும் 240 முதல் 320 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை) இருக்கும். ஓட்டத்துக்கு ஏற்ற மெல்லிய துணி 120 முதல் 150 ஜிஎஸ்எம்தான். அதாவது ஹூடி போட்டு ஓடுகிறவர் ஏறக்குறைய இரண்டு டீ-ஷர்ட்டின் துணியைப் போட்டு ஓடுகிறார். பருத்தி காற்றின் ஈரத்தை மட்டுமே தன் எடையில் சுமார் 8 சதவீதம் இழுத்து வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூட இழுக்காது. அதனால்தான் பருத்தி ஃபிளீஸ் மழைக்காலத்தில் இரண்டு நாளானாலும் காயாமல் முடைநாற்றம் அடிக்கிறது. இங்கே மே முதல் டிசம்பர் வரை மழைதான்.

வீட்டிலும் வெளியிலும் சாதாரணமாகப் போட்டுக்கொள்ளத் தடித்த உடுப்பு ஒன்று வேண்டுமென்றால், பிரஷ் அடிக்காத லூப் நிட் துணி இந்த ஊருக்குத் தோது. உட்புறத்தில் பஞ்சு இருக்காது, சின்னச் சின்ன வளையங்கள் தெரியும்.

கடையில் நின்றபடியே சிலவற்றைச் சோதிக்கலாம். உடுப்பை உட்புறம் திருப்பிக் கட்டை விரலால் ஒரே இடத்தில் இருபது முறை அழுத்தித் தேயுங்கள். நூல் உருண்டு பந்தாகத் திரண்டாலோ விரலில் பஞ்சு ஒட்டினாலோ, நாலு துவைப்பில் மேற்புறம் முழுக்க அப்படித்தான் ஆகும். கைக்குட்டையின் நுனியை நனைத்து அடர் நிறத்தின் மேல் தேயுங்கள், சாயம் ஒட்டினால் வைத்துவிடுங்கள். ஜிப் உலோகம் என்றால் உப்புக் காற்றில் துரு பிடிக்கும், பிளாஸ்டிக் பல் ஜிப்பே நல்லது. "பக்கா காட்டன்" என்று விற்றதில் சந்தேகம் இருந்தால், வீட்டில் தையலோரத்திலிருந்து ஒரு துணி நூலை மட்டும் உருவி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலாகும். பாலியஸ்டர் சுருங்கி உருகிக் கறுத்த மணியாக இறுகும். அப்படி உருகுவது தோலில் ஒட்டிக்கொண்டால் தீக்காயம் ஆழமாகும். பாலியஸ்டர் உடுப்போடு அடுப்படியில் நிற்காதீர்கள்.

துவைக்கும்போதும் ஒரு கேடு இருக்கிறது. 2016-ல் வெளியான ஓர் ஆய்வில், செயற்கை இழை ஜாக்கெட் ஒன்றை ஒருமுறை இயந்திரத்தில் துவைத்தால் சராசரியாக 1.7 கிராம் நுண்ணிழை உதிர்வதாகக் கண்டார்கள். நம் வீட்டுத் துவைப்பு நீர் எந்த வாய்க்காலில் போனாலும் கடைசியில் சேருவது பவளப்பாறைகள் உள்ள கடலில்தான். பிளாஸ்டிக் பாட்டிலை மறுசுழற்சி செய்து நெய்தது, சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று விளம்பரம் வரும். அந்தத் துணியும் இழை உதிர்க்கத்தான் செய்யும். இத்தகைய பசுமை விளம்பரங்களுக்கு ஆதாரம் காட்ட வேண்டும் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது.

இனி உரிமை. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. வாங்கும் பொருளின் தரம், அளவு, விலை ஆகியவற்றை அறிவது அதன்படி உங்கள் உரிமை. பில் தராமல் இருப்பது முறையற்ற வணிகம். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பில்லில் அச்சடித்திருந்தாலும், குறையுள்ள பொருளைக் கடைக்காரர் மறுக்க முடியாது. பில்லில் காலவரம்பு எதுவும் போடவில்லை என்றால் 30 நாளுக்குள் திரும்பப் பெற்றுப் பணம் தர வேண்டும். ஆனால் நிறம் பிடிக்கவில்லை, மனம் மாறிவிட்டது என்பதெல்லாம் குறை ஆகாது. அங்கே கடையின் சொந்த விதிதான் செல்லும். அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல், கப்பல் கூலி என்று சொல்லி ஒரு ரூபாய் கேட்டாலும் கொடுக்க வேண்டியதில்லை. சட்டமுறை எடையளவுத் துறையில் புகார் செய்யலாம்.

2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்தபின் தீவுகளுக்கு வேகமான இணையம் கிடைத்தது. காமோர்ட்டா, கேம்பல் பே வரை அது எட்டுகிறது. ஆன்லைனில் வாங்குவதும் எளிதானது. சிக்கல் திருப்பி அனுப்புவதில்தான். 744 என்று தொடங்கும் பின்கோடைப் பார்த்ததும், உங்கள் பகுதிக்குத் திரும்ப எடுக்கும் வசதி இல்லை என்று திரையில் வந்துவிடுகிறது. பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். 2020-ம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, குறையுள்ள பொருளையோ விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையோ திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது. புயலால் கப்பல் நின்று தாமதமானால் அதைக் காரணமாகக் காட்ட அவருக்கு இடமுண்டு. பிரிந்த தையலுக்கும் சொன்னதற்கு மாறான துணிக்கும் அந்தச் சாக்கு செல்லாது. புகாரை நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் ஏற்று, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும்.

பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்து வையுங்கள். விளம்பரப் பக்கத்தையும் துணிவகை, அளவு பற்றி அதில் சொன்னதையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். போட்டுப் பார்த்து முடிவு செய்யும்வரை லேபிளைக் கிழிக்காதீர்கள். நிறுவனம் அசையவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள், தமிழிலேயே பேசலாம். அது சமரச முயற்சி மட்டும். அதுவும் பலிக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பழைய 1986-ம் ஆண்டுச் சட்டத்தில், எதிர்த்தரப்பு இருக்கும் ஊரிலோ பிரச்சினை எழுந்த ஊரிலோதான் வழக்குப் போட முடியும். இப்போது நீங்கள் வசிக்கும் இடத்திலேயே போடலாம். நிறுவனம் பெங்களூரில் இருந்தாலும் குருகிராமில் இருந்தாலும் அது பதில் சொல்ல வேண்டிய இடம் இந்தத் தீவுதான். இணையவழியில் மனு செய்யலாம், காணொலியில் விசாரிக்கும்படி கேட்கலாம், வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். துணியின் தரத்தில் தகராறு இருந்தால், ஆணையம் அதை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்கும்.

பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். நீங்கள் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் எதுவும் இல்லை.