ஒரே கிட்டார், இரண்டே பேர்: பழைய ராக் பாடல்களை மேடையேற்றுவது எப்படி?



பள்ளிக் கலை இரவு நெருங்கும்போது இந்தச் சிக்கல் வரும். பாட ஒரு பிள்ளை இருக்கும், கிட்டார் வாசிக்க ஒரு பிள்ளை இருக்கும். டிரம்ஸ், பேஸ், இரண்டாவது கிட்டார் எதற்கும் ஆள் இருக்காது. "பேண்ட் இல்லையே, மைனஸ் ஒன் போட்டுப் பாடிடலாம்" என்று முடிவாகிவிடும். கிட்டார் பழகிய பிள்ளை பார்வையாளர் வரிசையில் போய் உட்கார்ந்துவிடும். அந்தப் பிள்ளைக்காகத்தான் இந்தக் கட்டுரை.

பினாங்கில் இருக்கிற நமக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. 'அலிகேட்ஸ்' குழுவின் டேவிட் ஆறுமுகமும் அவர் தம்பி லோகநாதனும் இந்தத் தீவிலிருந்து புறப்பட்டவர்கள்தாம். 'சென்யும்லா கோலாலம்பூர்' என்ற மலாய்ப் பாட்டால் நாடே அவர்களை அறியும் முன்பு, பிறருடைய ஆங்கிலப் பாடல்களை மேடைமேடையாகப் பாடி வளர்ந்தார்கள். எழுபதுகளில் ஹாங்காங் விடுதிகளிலும் பாடினார்கள். லோகநாதன் 2007இல் மறைந்தார். அவர்களுடையது முழுக் குழு. இன்றைய ஜார்ஜ்டவுனில், 2008இல் யுனெஸ்கோ பாரம்பரியத் தகுதி கிடைத்த பிறகு, பழைய கடைவீடுகள் பல காப்பிக் கடைகளாக மாறியிருக்கின்றன. அங்கே ஒரு மூலையில் இரண்டு நாற்காலி போடத்தான் இடம் இருக்கும். இருவர் மட்டும் வாசிப்பது அங்கே வசதிக் குறைவு அல்ல, அதுவே வழக்கம்.

சரி, சிக்கல் எங்கே இருக்கிறது? பெரும்பாலான ராக் பாடல்கள் ஒலிப்பதிவுக் கூடத்தில் கிட்டாரை அடுக்கடுக்காகப் பதிவு செய்து உருவானவை. ஒரு கிட்டார் கார்ட் பிடித்துத் தாளம் ஓட்டும், இன்னொன்று மெட்டு வாசிக்கும். நீங்கள் தனியாளாகத் தாளத்தை ஓட்டிக்கொண்டே வந்து, தனிவாசிப்பு வந்ததும் மெட்டுக்குத் தாவினால், பின்னால் இருந்த சத்தம் சட்டென்று காணாமல் போய்விடும். கூரையைப் பிடுங்கியது போல இருக்கும். (தேர்வில் விளக்கக் கட்டுரை எழுதும் மாணவர்கள் 'சோலோ' என்பதைத் 'தனிவாசிப்பு' என்றே எழுதலாம்.)

புகழ்பெற்றவர்களுக்கும் இந்தச் சிக்கல் இருந்தது. லெட் செப்பலின் குழுவில் ஜிம்மி பேஜ் ஒருவர்தான் கிட்டார். 1971இல் வந்த 'ஸ்டேர்வே டு ஹெவன்' பாட்டில் பல கிட்டார்கள் கேட்கும். மேடையில் அதை வாசிக்க அவர் 12 கம்பிக்கு ஒரு கழுத்து, 6 கம்பிக்கு ஒரு கழுத்து என்று இரட்டைக் கழுத்துக் கிட்டாரை மாட்டிக்கொண்டார். நமக்கு அது கிடைக்காது, தேவையும் இல்லை.

நமக்குப் பக்கத்திலேயே வீணை இருக்கிறது. வீணையில் மெட்டு வாசிக்க 4 கம்பி. பக்கவாட்டில் தாளத்துக்கென்று 3 கம்பி. மேல் கம்பியில் ராகம் ஓடும்போதே சுண்டு விரல் தாளக் கம்பியைத் தட்டும். ஒரே கருவி, ஆனால் வெறுமை தெரியாது. கிட்டாரில் அந்தத் தாளக் கம்பியின் வேலையைக் கட்டை விரலுக்குக் கொடுங்கள். 4, 5, 6ஆம் கம்பிகள், அதாவது தடித்த மூன்றும், கட்டை விரலுக்கு. மெல்லிய மூன்றும் மற்ற விரல்களுக்கு. கான்சாஸ் குழுவின் 'டஸ்ட் இன் த விண்ட்' (1977) இந்த முறையைப் பழக நல்ல பாட்டு. பிக் வேண்டாம், வெறும் விரல் போதும்.

அடுத்து 'ஹோட்டல் கலிபோர்னியா'. கடைசியில் டான் ஃபெல்டரும் ஜோ வால்ஷும் மாறி மாறி வாசித்து, பிறகு சேர்ந்து வாசிப்பார்கள். "ரெண்டு பேர் வாசிச்சதை நான் ஒருத்தன் எப்படி?" என்று பயப்படாதீர்கள். சேர்ந்து வரும் அந்தப் பகுதியைக் கவனித்துக் கேளுங்கள். இருவரும் பெரும்பாலும் கார்டுக்குள் இருக்கும் சுரங்களைத்தான் ஒவ்வொன்றாகப் பிரித்து வாசிக்கிறார்கள். ஆகவே ஒருவருடைய வரியை மட்டும் வாசித்தாலும் கார்ட் காதில் விழுந்துவிடும். இதை 2ஆம் ஃப்ரெட்டில் கேப்போ போட்டு ஏ மைனர் வடிவத்தில் பிடித்தால், முதல் இரண்டு கார்டுகளான ஏ மைனருக்கும் இ செவனுக்கும் அடித்தளச் சுரம் திறந்த கம்பியிலேயே கிடைக்கும். கட்டை விரல் அதைத் தட்டிவிட்டால், இடது கை மெட்டுக்குப் போக நேரம் கிடைக்கும்.

பிங்க் ஃபிளாய்டின் 'விஷ் யூ வேர் ஹியர்' (1975) இன்னும் எளிது. அதன் முன்னிசையில் வரும் மூன்று கார்டுகளிலும் மோதிர விரலும் சுண்டு விரலும் 3ஆம் ஃப்ரெட்டில் 2ஆம், 1ஆம் கம்பிகளை விட்டு அசைவதே இல்லை. அந்த இரண்டு சுரமும் சுருதிப்பெட்டி போல ஒலித்துக்கொண்டே இருக்கும். மீதி விரல்களால் கீழே சின்னச் சின்ன மெட்டு போடலாம். அசல் தனிவாசிப்பை அப்படியே நகல் எடுக்க முயலாதீர்கள். கேட்பவர்களுக்கு நினைவில் இருக்கும் நாலு வாக்கியத்தை மட்டும் எடுங்கள். 16 பார் இருந்தால் 8 ஆகக் குறையுங்கள்.

பாடுபவர் தனிவாசிப்பு நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் பல மேடைகளில் நான் காணும் குறை. அவர் கையில் ஒரு ஷேக்கர், அல்லது உட்கார ஒரு கஹோன் பெட்டி இருந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. கஞ்சிராவும் சரிதான். உறுமி மட்டும் வேண்டாம், கிட்டார் இருப்பதே தெரியாமல் போய்விடும்! மெட்டின் கீழே மெல்ல முணுமுணுத்தாலும் இரண்டாவது கிட்டாரின் இடம் நிரம்பும்.

லூப் பெடல் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். வாசித்ததைப் பதிவு செய்து திரும்பத் திரும்ப ஒலிக்கும் கருவி அது. முதல் சுற்றில் தாளம் கொஞ்சம் பிசகினால் அந்தப் பிசகு பாட்டு முடியும்வரை உங்களைத் துரத்தும். தாளம் உறுதிப்படாத மாணவருக்கு இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் கருத்து.

சுருதியைப் பாடுபவரின் குரலுக்குத்தான் அமைக்க வேண்டும், ஒலிப்பதிவுக்கு அல்ல. கேப்போ சுருதியை ஏற்ற மட்டும்தான் செய்யும். இறக்க வேண்டுமானால் கார்ட் வடிவத்தையே மாற்ற வேண்டும். அதனால் இதை முதல் ஒத்திகையிலேயே முடிவு செய்துவிடுங்கள். கடைசி ஒத்திகையில் கைப்பேசியை மண்டபத்தின் கடைசி வரிசை நாற்காலியில் வைத்துப் பதிவு செய்யுங்கள். திரும்பக் கேட்கும்போது, எந்த இடத்தில் கூரை பிடுங்கிக்கொண்டு போகிறதோ, அந்த இடத்தில் கட்டை விரல் என்ன செய்கிறது என்று பாருங்கள்.