சிறுநீரக நோயாளரும் அறநிறுவனங்களும்: யார் குரல், யார் தகவல்?

வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் குருதிச் சுத்திகரிப்பு இயந்திரத்தோடு பிணைக்கப்பட்டிருக்கும் ஒருவர், தம் நோயைப் பற்றி அறியவும் தம் குறைகளை அரசுக்கு எடுத்துரைக்கவும் பெரும்பாலும் அறநிறுவனங்களையே நாட வேண்டியுள்ளது. அந்நிறுவனங்கள் அவரை உலகுக்கு எவ்வாறு காட்டுகின்றன, அவருக்கு எவற்றை அறிவிக்கின்றன என்னும் வினாக்களை ஐக்கிய அமெரிக்காவின் அனுபவத்தை ஆதாரமாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1943இல் ஒல்லாந்து நாட்டில் வில்லெம் கொல்ஃப் உருவாக்கிய செயற்கைச் சிறுநீரகம், ஒவ்வொரு முறையும் குருதிக் குழாயைத் திறக்க வேண்டியிருந்தமையால், நீண்டகால நோயாளருக்குப் பயன்படவில்லை. 1960இல் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்க்ரிப்னர், டெஃப்லோன் குழாயொன்றைக் கையில் நிலையாகப் பொருத்தி இத்தடையை நீக்கினார். ஆனால் 1962இல் அந்நகரில் திறக்கப்பட்ட நிலையத்தில் இயந்திரங்கள் மிகச் சிலவே இருந்தன. எவருக்குச் சிகிச்சை என்பதை ஏழு பேர் கொண்ட குழுவொன்று தீர்மானித்தது. அவர்களுட் பெரும்பாலோர் மருத்துவரல்லாத குடிமக்களாவர். விண்ணப்பதாரரின் தொழில், வருவாய், குடும்பநிலை, தேவாலயத் தொடர்பு என்பனவும் அங்கு எடைபோடப்பட்டன. 1962 நவம்பரில் ‘லைஃப்’ சஞ்சிகையில் ஷானா அலெக்சாந்தர் இதனை வெளிப்படுத்தியபோது, ‘தகுதி’ என்ற சொல்லுக்குள் நடுத்தர வர்க்கத்தின் விழுமியங்களே ஒளிந்திருந்தமை புலனாயிற்று. நோயாளர் அங்கே தீர்ப்புக்குரிய பொருளாக இருந்தார். பேசும் உரிமை அவருக்கிருக்கவில்லை.

அக்காலச் சங்கங்களின் தோற்றத்தை நோக்குமிடத்து இருவேறு மரபுகளைக் காண்கிறோம். இன்றைய தேசிய சிறுநீரக மன்றத்தின் மூலவேர், நோயுற்ற பிள்ளையொன்றின் பெற்றோர் 1950இல் ஆராய்ச்சிக்கென அமைத்த குழுவிலே உள்ளது. இது நோயாளருக்காகப் பிறர் பேசும் மரபு. 1969இல் நியூயோர்க்கின் புரூக்ளினில் சிகிச்சை பெற்றுவந்த நோயாளர் சிலர் தாமே ஒரு சங்கத்தைத் தொடக்கினர். அது இன்று அமெரிக்கச் சிறுநீரக நோயாளர் சங்கம் என வழங்குகிறது. இது நோயாளர் தாமே பேசும் மரபு.

இரண்டாம் மரபின் ஆற்றல் 1971 நவம்பர் 4ஆம் திகதி வெளிப்பட்டது. அச்சங்கத்தின் உபதலைவர் ஷெப் கிளேசர், பிரதிநிதிகள் சபைக் குழுவொன்றின் முன்னிலையில் இயந்திரத்தோடு இணைக்கப்பட்டவாறே சாட்சியமளித்தார். இது ஆபத்தான செயலென மருத்துவ வட்டாரங்களில் எதிர்ப்பு இருந்தது. எனினும் அனுதாபம் வேண்டும் படமாகவன்றி, உரிமை கோரும் குடிமகனாக அவர் சட்டமியற்றுவோர் முன் தோன்றினார். 1972 அக்டோபரில் நிறைவேறிய சட்டம், 1973 ஜூலை முதல், வயது வேறுபாடின்றிப் பெரும்பாலான சிறுநீரக நோயாளரின் சிகிச்சைச் செலவை மெடிகேர் காப்புறுதியின்கீழ்க் கொணர்ந்தது. அவ்வொரு சாட்சியமே சட்டத்தைப் பிறப்பித்தது எனல் மிகையாகும். பல்லாண்டு முயற்சிகள் அதற்குப் பின்னால் இருந்தன.

ஆனால் அரசுப் பணம் வந்ததும் இலாபநோக்குடைய நிலையங்களும் பெருகின. 1970களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 40 சதவீதமானோர் வீட்டிலேயே சுத்திகரிப்புச் செய்துவந்தனர். பின்னர் அவ்வீதம் வெகுவாக வீழ்ந்தது. இன்று அந்நாட்டில் 5 இலட்சத்துக்கு மேற்பட்டோர் இச்சிகிச்சையில் வாழ்கின்றனர். அவர்களுட் பெரும்பாலோரை டாவிட்டா, ஃபிரசீனியஸ் என்னும் இரு நிறுவனங்களே பராமரிக்கின்றன.

1971இல் தோன்றிய அமெரிக்கச் சிறுநீரக நிதியம், வறிய நோயாளரின் காப்புறுதிக் கட்டணத்தைச் செலுத்த உதவுகிறது. இத்திட்டத்துக்கு 1997இல் மத்திய சுகாதாரத் திணைக்களத்தின் கண்காணிப்பு அலுவலகம் இசைவளித்தது. நிதியத்தின் வருவாயிற் பெரும்பகுதி மேற்கூறிய சிகிச்சை நிறுவனங்களிடமிருந்தே வருகிறது. தனியார் காப்புறுதி, மெடிகேர் தருவதைப் போலப் பல மடங்கு பணத்தை அந்நிறுவனங்களுக்கு ஈட்டித்தருவது இங்குக் கருதற்பாலது. 2019இல் கலிபோர்னியா மாநிலம் இந்த இலாபத்தைக் கட்டுப்படுத்தச் சட்டமியற்றியது. தம் உதவி நின்றால் வறியோரே காப்புறுதியை இழப்பர் என நிதியம் வாதிட்டு வழக்குத் தொடுத்தது. அவ்வாண்டு டிசம்பரில் நீதிமன்றம் சட்டத்தை இடைநிறுத்தியது. இரு தரப்பு வாதங்களிலும் உண்மை உண்டு. வறியோர் அவ்வுதவியால் வாழ்கின்றனர். அவ்வுதவியால் கொடையாளரும் ஆதாயம் பெறுகின்றனர். இம்முரண்பாட்டில் நோயாளரின் உயிரே பிணையாக நிற்கிறது.

தகவல் வழங்குதல் பற்றிய வினா இங்கிருந்தே எழுகிறது. நோயாளர்முன் உள்ள வழிகள் பல: நிலையத்திற் சுத்திகரிப்பு, வீட்டிற் சுத்திகரிப்பு, வயிற்றறை வழிச் சுத்திகரிப்பு, மாற்றுச் சிறுநீரகம் பொருத்துதல். இயந்திரத்தை நாடாது துன்பத்தைத் தணிக்கும் பராமரிப்பும், முதியோர் சிலருக்கு, ஏற்புடைய வழியே. இவற்றின் நன்மையோடு, சிகிச்சைக்குப் பிந்திய களைப்பு, நீரருந்தும் கட்டுப்பாடு, தொழிலிழப்பு ஆகியனவும் ஒளிவின்றிக் கூறப்படல் வேண்டும். நிதி திரட்டும் துண்டுப்பிரசுரத்துக்கு வாடிய முகமோ மலர்ந்த முகமோ போதும். நோயாளருக்கு அவ்விரண்டும் போதா; முடிவெடுக்கும் அறிவு அவருக்கு வேண்டும்.

வடமத்திய மாகாணத்து விவசாயிகளிடையே 1990கள் முதல் காரணம் தெளிவுறாத சிறுநீரக நோய் பரவிவரும் நம் நாட்டுக்கும் இப்படிப்பினை பொருந்தும். சிறுநீரக அறநிறுவனமொன்றை மதிப்பிடுகையில் நாம் வினவ வேண்டியவை மூன்று: அதன் ஆட்சிக்குழுவில் நோயாளர் உளரா? அதன் பணம் எங்கிருந்து வருகிறது? அதன் பிரசுரம் எல்லா வழிகளையும் நோயாளரின் மொழியிற் கூறுகிறதா? இம்மூன்றுக்கும் வெளிப்படையாக விடை கூறும் நிறுவனமே நோயாளரின் பிரதிநிதி எனத் தன்னை அழைத்துக்கொள்ளும் உரிமையுடையது என்பது எமது துணிபு.